ஒரு வரிப் பதிலாவது அனுப்புங்கள்: கொழும்பில் ஆட்சேர்ப்போருக்கு ஒரு திறந்த மடல்

கொழும்பு 13
2021 ஒக்டோபர் 17

கொழும்பிலும் அதன் சுற்றுப்புறங்களிலும் தொழில் நிறுவனங்களை நடத்துகின்ற உரிமையாளர்களுக்கும், அந்நிறுவனங்களில் ஆட்சேர்ப்புக்குப் பொறுப்பாக இருக்கின்ற மனிதவள முகாமையாளர்களுக்கும்,

வணக்கம்.

ஓகஸ்ட் 20ஆம் திகதி இரவு தொடங்கிய தனிமைப்படுத்தல் ஊரடங்கு இம்மாதம் முதலாம் திகதி நீக்கப்பட்டது. அதன்பின் வந்த ஞாயிற்றுக்கிழமைகளில் பத்திரிகையின் வேலைவாய்ப்புப் பக்கம் மெல்ல மெல்ல நிரம்பத் தொடங்கியிருப்பதைக் காண்கிறேன். இன்று காலையும் பேனாவோடு உட்கார்ந்து ஏழு விளம்பரங்களைச் சுற்றி வட்டமிட்டேன். அந்த ஏழு விண்ணப்பங்களையும் எழுதுவதற்கு முன்பாக, அவற்றைப் பெற்றுக்கொள்ளப்போகும் உங்களுக்கு இந்த மடலை எழுதிவிட வேண்டும் என்று தோன்றியது.

நான் கேட்பது வேலை அன்று. வேலை தருவதும் தராததும் உங்கள் உரிமை. விண்ணப்பித்தவர்களுக்கு, தெரிவாகவில்லை என்றாலும், அதை ஒரு வரியில் அறிவியுங்கள் என்பதே என் வேண்டுகோள். சிறிய விடயமாகத் தோன்றக்கூடிய இதைப் பற்றி இவ்வளவு நீளமாக எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது.

கொள்ளுப்பிட்டியில் இருந்த ஒரு பயண முகவர் நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் ஐந்து வருடங்கள் பணியாற்றினேன். 2019ஆம் ஆண்டின் உயிர்த்த ஞாயிறுத் தாக்குதல்களுக்குப் பிறகு அத்துறை தள்ளாடியதும், மெதுவாக எழுந்து நின்ற வேளையில் கொரோனா வந்ததும் நீங்கள் அறிந்தவை. 2018இல் இந்நாட்டுக்கு வந்த சுற்றுலாப் பயணிகள் 23 இலட்சத்துக்கும் மேல். 2020இல் வந்தவர்கள் ஐந்து இலட்சம் அளவில்தான், அவர்களும் பெரும்பாலும் மார்ச் நடுப்பகுதிக்குள் வந்துவிட்டவர்கள். மார்ச் 20ஆம் திகதி மாலை ஆறு மணிக்கு நாடெங்கும் ஊரடங்கு போடப்பட்டபோது, மேசையில் பாதியில் விட்டுவந்த வவுச்சர் கட்டைத் திங்கட்கிழமை முடித்துவிடலாம் என்றுதான் நினைத்தேன்.

மே மாதத்தில் அரசாங்கமும் தொழில்தருநர்களும் தொழிற்சங்கங்களும் கூடி, பணிக்கு அழைக்க முடியாத ஊழியருக்கு அடிப்படைச் சம்பளத்தின் பாதி அல்லது 14,500 ரூபா, இரண்டில் எது கூடவோ அதை வழங்குவதென்று இணக்கம் கண்டார்கள். என் அடிப்படைச் சம்பளம் 26,000 ரூபா என்பதால் எனக்கு 14,500 ரூபா கிடைத்தது. அதுவும் இரண்டு மாதங்கள்தான். ஜூலை இறுதியில் எங்களில் பதினொரு பேரை ஒவ்வொருவராக அழைத்து, ஏற்கெனவே தட்டச்சுச் செய்து வைத்திருந்த ராஜினாமாக் கடிதத்தில் ஒப்பமிடச் சொன்னார்கள். நிலைமை சீரானதும் முதலில் உங்களைத்தான் கூப்பிடுவோம் என்றார்கள். ஒப்பமிட்டேன். பதினைந்து பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் ஓர் இடத்தில், ஊழியரின் எழுத்துமூலச் சம்மதமோ தொழில் ஆணையாளரின் அனுமதியோ இன்றி ஆளை நிறுத்த முடியாது என்று 1971ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கச் சட்டம் சொல்வதும், நான் ஒப்பமிட்ட அந்தக் காகிதமே அந்தச் சட்டத்தின் பாதுகாப்பிலிருந்து என்னை வெளியே நிறுத்திவிட்டது என்பதும் பிறகுதான் தெரியவந்தன. அந்தப் பழைய கதையை இங்கே வழக்காட வரவில்லை. ஆனால் உங்கள் நேர்முகப் பரீட்சைகளில் ‘ஏன் ராஜினாமாச் செய்தீர்கள்?’ என்று கேட்கப்படும்போதெல்லாம் அந்தக் காகிதம்தான் என் கண்முன் வந்து நிற்கிறது. 2020இல் ராஜினாமாச் செய்தவர்கள் எல்லோரும் விரும்பிச் செய்தவர்கள் அல்லர் என்பதைத் தயவுசெய்து மனதிற் கொள்ளுங்கள்.

வேலையற்ற காலத்தில் கைகொடுக்கக்கூடிய காப்புறுதி ஏற்பாடு எதுவும் இந்நாட்டில் இல்லை. ஊழியர் சேமலாப நிதியில் ஐந்து வருடச் சேமிப்பு என் பெயரில் கிடக்கிறது. ஆனால் வேலை போய்விட்டது என்பதற்காக அதை எடுக்க முடியாது. பெண்ணாக இருந்தால் ஐம்பது வயதாக வேண்டும், அல்லது திருமணத்தின் பொருட்டு வேலையை விட்டது போன்ற ஒரு காரணம் இருக்க வேண்டும். அப்பா புறக்கோட்டையில் ஒரு புடைவைக் கடையில் விற்பனையாளர். கடை திறந்தால்தான் சம்பளம். அம்மாவின் தையல் இயந்திரம்தான் முதல் ஊரடங்கில் எங்கள் வீட்டுக்குச் சோறு போட்டது. அம்மா முகக்கவசம் தைக்க, நான் நாடா வெட்டி, இஸ்திரி போட்டு, பத்துப் பத்தாகக் கட்டி, அயலில் இருந்த மருந்துக்கடைக்குக் கொடுத்தோம்.

தொகைமதிப்பு, புள்ளிவிபரத் திணைக்களத்தின் கணக்கின்படி 2019இல் 4.8 சதவீதமாக இருந்த வேலையின்மை 2020இல் 5.5 சதவீதமாக உயர்ந்தது. இவ்வளவுதானா என்று ஆச்சரியப்பட்டேன். பிறகு அந்த அளவீட்டு முறையை வாசித்துப் பார்த்தேன். கணக்கெடுக்கும் வாரத்தில் ஒரு மணித்தியாலமேனும் வருமானத்துக்காக உழைத்தவர் வேலையுள்ளவராகவே எண்ணப்படுகிறார். ஆகவே, நாடா வெட்டிக்கொண்டிருந்த நான் அந்த 5.5 சதவீதத்துக்குள்ளும் இல்லை.

‘வீட்டில் சும்மா இருக்கும் காலத்தைப் பயனுள்ளதாக்குங்கள், நம்பிக்கையைக் கைவிடாதீர்கள்’ என்ற அறிவுரை கடந்த ஒன்றரை வருடங்களாக எல்லாத் திசைகளிலிருந்தும் எங்களுக்கு வந்துகொண்டிருக்கிறது. நல்ல மனத்தோடு சொல்லப்பட்ட அறிவுரைதான். அதை என்னால் இயன்ற அளவு கடைப்பிடித்தும் இருக்கிறேன். எங்கள் வீட்டில் ஒரே ஒரு ஸ்மார்ட் போன். காலை எட்டு மணியிலிருந்து பகல் ஒரு மணி வரை அது உயர்தரம் படிக்கும் தம்பியின் ஒன்லைன் வகுப்புக்கு. எனவே காலையில் விண்ணப்பங்களைக் கையால் எழுதி வைத்துக்கொள்வேன். பிற்பகலில் போன் கைக்கு வந்ததும் அவற்றைத் தட்டச்சுச் செய்து அனுப்புவேன். நள்ளிரவு 12 மணிக்குப் பிறகு பயன்படுத்துவதற்கென்று தனியாகத் தருகிற டேட்டாவில் கணக்கியல் பாடங்களின் காணொளிகளைத் தரவிறக்கிவைத்து, மறுநாள் அவற்றைப் பார்ப்பேன். ஏ.ஏ.ரீ. எனப்படும் கணக்கியல் தொழில்நுட்பவியலாளர் பரீட்சையின் இறுதி நிலைப் பாடங்களை இப்படித்தான் படித்தேன். பேச்சுச் சிங்களம் எனக்குச் சரளம், ஆனால் அலுவலகக் கடிதம் எழுத வராது. எதிர்வீட்டில் இருக்கும் ஓய்வுபெற்ற சிங்கள ஆசிரியை ஒருவர், ஊரடங்கு நாட்களில் தன் வாசற்படியில் அமர்ந்துகொண்டு, என் வாசற்படியில் இருந்த எனக்கு, குறுக்கே ஓடும் ஒழுங்கையைத் தாண்டிச் சொல்லிக்கொடுத்தார். இன்று கொடுப்பனவு நினைவூட்டற் கடிதமொன்றைச் சிங்களத்தில் பிழையின்றி எழுத என்னால் முடியும்.

இவற்றையெல்லாம் பெருமைக்காகச் சொல்லவில்லை. உழைப்பில் குறை வைக்காத ஒருவருக்குக்கூட நம்பிக்கை எங்கே அறுந்துபோகிறது என்பதைக் காட்டவே சொல்கிறேன்.

என்னிடம் கெட்டி அட்டை போட்ட ஒரு சீ.ஆர். கொப்பி இருக்கிறது. 2020 ஓகஸ்ட் முதல் அனுப்பிய ஒவ்வொரு விண்ணப்பத்துக்கும் அதில் ஒரு வரி: திகதி, நிறுவனம், பதவி, அனுப்பிய விதம், கடைசியாகப் பதில். அடிமட்டம் வைத்துக் கோடு போட்டிருக்கிறேன். இன்று வரைக்கும் 118 வரிகள். அவற்றில் 17 வரிகளில் மட்டுமே கடைசிக் கட்டத்தில் ஏதோ எழுதப்பட்டிருக்கிறது. ஆறு, ‘உங்கள் விண்ணப்பம் கிடைத்தது’ என்று கணினி தானாக அனுப்பியவை. ஆறு, இடமில்லை என்ற பதில்கள். ஐந்து, நேர்முகப் பரீட்சைக்கு அழைப்பு. அந்த ஐந்தில் மூன்றின் முடிவு இன்றுவரை தெரியாது. மற்ற 101 கட்டங்களும் வெறுமையாக இருக்கின்றன. முதலிரு மாதங்களில் நீல மையில் எழுதினேன்; அந்தப் பேனா தீர்ந்து, கறுப்பு மைக்கு மாறி, அதுவும் தீர்ந்து, இப்போது மீண்டும் நீலம். மை மாறிய இடங்களைப் பார்க்கும்போதுதான் எவ்வளவு காலம் ஓடிவிட்டது என்பது உறைக்கிறது.

பதில் வராத விண்ணப்பம் என்ன செய்யும் என்பதை நீங்கள் அறிய வேண்டும். ‘இல்லை’ என்று வந்தால் அன்று மனம் நோகும். அடுத்த நாள் வேறு இடம் பார்ப்போம். ஒன்றுமே வராவிட்டால் இலவு காத்த கிளியின் நிலைதான். தெரியாத இலக்கத்திலிருந்து அழைப்பு வந்துவிடுமோ என்று தம்பியின் வகுப்பு நடக்கும்போதும் போனையே பார்த்துக்கொண்டிருப்பேன். தையல் கடையில் மாதம் 15,000 ரூபாவுக்கு ஒரு தற்காலிக வேலை வந்தபோது, அதற்கு முந்தைய வாரம் நேர்முகப் பரீட்சைக்குப் போய்வந்த நிறுவனம் கூப்பிட்டுவிட்டால் இடையில் விடவேண்டி வருமே, அது அந்தக் கடைக்காரருக்குச் செய்யும் துரோகமாகுமே என்றெண்ணி மறுத்துவிட்டேன். நான் காத்திருந்த அந்த நிறுவனம் என் நேர்முகத்துக்கு முன்பே ஆளை எடுத்து முடித்திருந்ததைப் பிறகு தற்செயலாக அறிந்தேன். அதாவது, என்னை நேர்முகம் கண்ட நாளிலேயே அந்த இடம் நிரம்பியிருந்தது.

இதற்கு மாறான ஓர் அனுபவத்தையும் சொல்ல வேண்டும். இந்த மடலை எழுதத் தூண்டியதே அதுதான். இவ்வருடம் மார்ச் மாதம், பழைய சோனகத் தெருவில் உள்ள இரும்புச் சாமான் இறக்குமதிக் கடையொன்றுக்கு விண்ணப்பித்திருந்தேன். ஒரு வியாழக்கிழமை அஸர் தொழுகை முடிந்த நேரத்தில் முதலாளியே அழைத்தார். “மகள், நீங்க அனுப்பின சீ.வி.ய முழுசாப் பார்த்தேன். எங்களுக்கு ஆள் கெடச்சிட்டு. ஸ்டொக் கணக்குல பழகின ஒரு ஆள் தேவப்பட்டிச்சி, அதனாலதான். நீங்க பார்த்துக்கிட்டு இருக்காதீங்க, வேற இடத்துக்கும் போடுங்க” என்றார். ஒரு நிமிடமும் ஆகியிருக்காது. நன்றி சொல்லிவிட்டு, கொப்பியின் கடைசிக் கட்டத்தில் அன்றைய திகதியை எழுதினேன். அன்று இரவு நான் நன்றாகத் தூங்கினேன். அடுத்த வாரமே இருப்புக் கணக்குக்குரிய பாடங்களைத் தேடிப் படிக்கத் தொடங்கினேன், ஏனென்றால் என்னிடம் எது குறைவு என்பதை முதன்முதலாக ஒருவர் சொல்லியிருந்தார். எட்டு மாத மௌனம் கற்றுத் தராததை அந்த ஒரு நிமிடம் கற்றுத் தந்தது. அந்தப் பெரியவரிடம் மனிதவளப் பிரிவும் இல்லை, மென்பொருளும் இல்லை; கடையில் நான்கு பேர்தான்.

உங்கள் பக்கத்துச் சிரமங்களை நான் அறியாதவள் அல்லள். ஒரு பதவிக்கு நூற்றுக்கணக்கில் விண்ணப்பங்கள் குவிகின்றன. அவற்றைப் பார்க்கவோ பல இடங்களில் ஒரே ஒருவர்தான் இருக்கிறார். அவரும் பாதிச் சம்பளத்தில் இரண்டு பேரின் வேலையைச் செய்கிறார். விளம்பரம் போட்டபின் அடுத்த ஊரடங்கு வந்து, அந்தப் பதவியே இல்லாமற் போய்விட்ட சந்தர்ப்பங்களும் இருக்கும். சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும். ஆனால் பதில் என்பது பணத்தைக் கேட்கும் காரியம் அன்று. நூறு பேருக்குத் தனித்தனியே எழுத நேரமில்லை என்றால், விளம்பரத்தின் அடியில் ஒரு வரியைச் சேர்த்துவிடுங்கள்: ‘நவம்பர் 15ஆம் திகதிக்குள் அழைக்கப்படாதவர்கள் தெரிவுசெய்யப்படவில்லை எனக் கொள்ளவும்.’ இவ்வளவு போதும். நவம்பர் 16ஆம் திகதி காலையில் நான் அந்த வரியை மூடிவிட்டு வேறு வேலையைப் பார்ப்பேன். நேர்முகப் பரீட்சைக்கே அழைத்துவிட்டவர்களுக்கு மட்டும் தனியாக ஒரு குறுஞ்செய்தி அனுப்புங்கள். பஸ் கட்டணம் கடன் வாங்கிக்கொண்டு வருபவர்கள் இருக்கிறார்கள்.

நேர்முகப் பரீட்சை பற்றிப் பேச்சு வந்ததால் இன்னொன்றையும் சொல்கிறேன். பெப்ரவரியில் ஸூம் வழியாக ஒரு நேர்முகம். எங்கள் வீடு ஒரே அறை; பின்னால் இருந்த துணிக்கொடியும் அரிசி வாளியும் தெரியாமல் இருக்க, அம்மா இஸ்திரி போட்ட வெள்ளைப் படுக்கை விரிப்பொன்றை இரண்டு கைகளாலும் உயர்த்திப் பிடித்துக்கொண்டு எனக்குப் பின்னால் நின்றார். இருபது நிமிடங்கள் நின்றார். மறுபக்கத்தில் இருந்தவர் தன் கமராவைத் திறக்கவேயில்லை. அவர் கேட்ட முதற் கேள்வி, “இந்த ஏழு மாதமும் என்ன செய்துகொண்டிருந்தீர்கள்?” என்பது. விமான நிலையம் உல்லாசப் பயணிகளுக்காக மீண்டும் திறக்கப்பட்டே அப்போது ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. நான் செய்த தொழில் அந்த விமான நிலையத்தை நம்பியிருந்தது என்பது என் சுயவிபரக் கோவையிலேயே இருந்தது. 2020க்கும் 2021க்கும் இடையிலுள்ள இடைவெளியை ஒரு குறையாகக் கேட்காதீர்கள். கேட்கத்தான் வேண்டுமென்றால், அந்த நாட்களில் என்ன கற்றுக்கொண்டீர்கள் என்று கேளுங்கள். சொல்வதற்கு எங்களிடம் நிறைய இருக்கிறது.

முகவரியையும் ஒரு குறையாக்காதீர்கள். சென்ற வருடம் ஒக்டோபர் இறுதியில் எங்கள் கொட்டாஞ்சேனை (கொழும்பு 13), முகத்துவாரம், கிராண்ட்பாஸ், புளூமெண்டல் பகுதிகள் மூடப்பட்டபோது, ஏனைய இடங்கள் திறந்த பிறகும் வடகொழும்பில் தோட்டங்கள் எனப்படும் நெருக்கமான குடியிருப்புகள் பலவும் அடுக்குமாடிகளும் வாரக்கணக்கில் தனிமைப்படுத்தப்பட்டே இருந்தன. அந்நாட்களில் ஒரு நிறுவனத்திலிருந்து தொலைபேசியில் அழைத்தவர், தகைமைகளை எல்லாம் திருப்தியோடு கேட்டு முடித்துவிட்டு, “நீங்கள் கொழும்பு 13ஆ? சரி, பிறகு எடுக்கிறோம்” என்று வைத்துவிட்டார். நோய்க்கு அஞ்சியது நியாயம், எல்லோருமே அஞ்சினோம். ஆனால் நிலைமை சீரான பிறகு ‘இப்போது வரலாமா?’ என்று ஓர் அழைப்பு வந்திருந்தால் அது வெறும் நோயச்சம் என்று எடுத்துக்கொண்டிருப்பேன். அழைப்பு வரவில்லை. என் வகுப்புத் தோழி ஒருத்தி இப்போது தன் விண்ணப்பங்களில் தெகிவளையில் உள்ள மாமியின் முகவரியை எழுதுகிறாள். தான் பிறந்து வளர்ந்த வீட்டின் முகவரியை மறைத்து எழுதும் நிலைக்கு ஒருத்தியைத் தள்ளுவது எவ்வளவு பெரிய அநியாயம் என்பதை நினைத்துப் பாருங்கள்.

விளம்பரத்தில் சம்பளத்தையும் நிறுவனத்தின் பெயரையும் போடுங்கள் என்று கேட்பதற்கு வசதி மட்டும் காரணமன்று. ‘கவர்ச்சிகரமான சம்பளம்’ என்றும் ஒரு கைப்பேசி இலக்கத்தையும் மட்டும் தாங்கி வரும் விளம்பரங்களுக்குள்தான் ஏமாற்றுக்காரர்களும் ஒளிந்துகொள்கிறார்கள். எங்கள் ஒழுங்கையில் உள்ள ஒரு பிள்ளை, வீட்டிலிருந்தே தரவு பதியும் வேலை என்று நம்பி, பயிற்சிக் கட்டணமாக 7,500 ரூபாவைக் கட்டிவிட்டு, அதன்பின் அந்த இலக்கம் இயங்காமற் போனதைக் கண்டு இரண்டு நாட்கள் சாப்பிடவில்லை. நேர்மையான நிறுவனங்கள் தங்கள் பெயரையும் இடத்தையும் சம்பளத்தையும் தவறாமல் வெளியிட்டால், அவற்றை வெளியிடாதவர்களை நாங்கள் இலகுவாக அடையாளம் கண்டு விலகிக்கொள்வோம்.

தீபாவளி நவம்பர் 4ஆம் திகதி வருகிறது. அதற்கு முன்னர் உங்கள் அலுவலக மின்னஞ்சலைத் திறந்து, இந்த வருடம் வந்த விண்ணப்பங்களில் பதில் போகாதவற்றைத் தேடிப் பாருங்கள். ஒரே வரியை எழுதி, எல்லோருக்கும் மறைபிரதியாக அனுப்பினால் பத்து நிமிட வேலை. ‘உங்கள் விண்ணப்பத்தைப் பார்த்தோம், இப்போது இடமில்லை’ என்பது போதும். ஜனவரியில் அனுப்பிய விண்ணப்பத்துக்கு ஒக்டோபரில் பதில் அனுப்புவதற்கு வெட்கப்பட வேண்டாம். அது எந்தத் திகதியில் வந்தாலும் நான் அதற்குரிய வரியைத் தேடியெடுத்து, கடைசிக் கட்டத்தில் எழுதி வைப்பேன். என் மின்னஞ்சல் முகவரி உங்களிடம் ஏற்கெனவே இருக்கிறது.

இங்ஙனம்,
கொட்டாஞ்சேனையிலிருந்து ஒரு விண்ணப்பதாரி